மொசைக் தரையில் காய்ந்த ரப்பர் பசை: 112 சதுர அடியைச் சுரண்டிய கதை

மதுரை வீட்டின் பின்னறையில் இப்போது வெறுங்காலோடு நடக்கலாம். ஒரு மாதத்துக்கு முன்னால் நடந்திருந்தால் செருப்பு அங்கேயே தங்கியிருக்கும். போன வாரம் பாலீஷ் போட்டு முடித்தாயிற்று. கை வலி குறைந்து, செய்த தப்பெல்லாம் மறந்துபோவதற்குள் எழுதி வைத்துவிடுகிறேன்.

வீடு 1986இல் கட்டியது. பின்னறை 10க்கு 12 அடி. கறுப்பும் வெள்ளையுமாக மார்பிள் சில்லுகள் போட்ட மொசைக், சுவரோரம் ஒரு சாண் அகலத்துக்குச் சிவப்பு பார்டர். பாட்டிக்கு மூட்டுவலி வந்து, மொசைக் காலைச் சில்லிட வைக்கிறது என்று சொன்னதால் 2011இல் அப்பா அதன் மேல் வினைல் விரிப்பு போட்டார். ஒட்ட வந்தவர் ஓரத்தில் மட்டும் பசை வைத்திருந்தாலே போதும். அவர் நல்ல மனசோடு தரை முழுக்கத் தடவிவிட்டார். கடந்த ஐப்பசி மழையில் சுவர் வழியாக ஈரம் இறங்கி, விரிப்புக்கு அடியில் புழுங்கி, அறை முழுக்க ஊறிய சாக்கு நாற்றம். பொங்கல் விடுமுறையில் ஒரு மூலையைப் பிடித்து இழுத்தேன்.

மேல்தோல் மட்டும் அழகாக உரிந்து வந்தது. அடியில் இருந்த பஞ்சு போன்ற தாள் பாதி தரையிலேயே தங்கிவிட்டது. அதற்கும் கீழே தகரத் தகடால் இழுத்த கோடுகளோடு பழுப்பு மஞ்சளில் பசை. பதினான்கு வருஷம் காய்ந்தது. நகத்தால் அழுத்தினால் லேசாகக் குழியும், ஆனால் பெயராது. பீரோ நின்ற இடத்தை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் 112 சதுர அடி.

முதல் நாளே நான் செய்திருக்க வேண்டிய, ஆனால் நான்காம் நாள்தான் செய்த வேலை ஒன்று உண்டு: இது என்ன பசை என்று பார்ப்பது. அதற்குப் பெரிய ஆய்வு ஒன்றும் வேண்டாம். ஈரத்துணியை ஓர் இடத்தில் அரைமணி நேரம் போட்டு எடுங்கள். பசை பால் போல வெளுத்து இளகினால் அது தச்சர்கள் மரத்துக்குப் போடும் வெள்ளைப் பசை, தண்ணீருக்கே வழிக்கு வரும். தண்ணீரைக் கண்டுகொள்ளாமல் கிடந்தால் அதன் மேல் இரண்டு சொட்டுத் தின்னர் விட்டு, ஐந்து நிமிஷம் ஒரு மூடியால் கவிழ்த்து மூடி, குச்சியால் குத்திப் பாருங்கள். நூல் நூலாக இழுபட்டால் ரப்பர் பசை. சன்மைக்கா ஒட்டவும் சோபாவுக்கு ரெக்சின் ஒட்டவும் ஆசாரிகள் ‘எஸ்ஆர்’ என்று கேட்டு வாங்கும் அதே மஞ்சள் பசை. தண்ணீருக்கும் அசையாமல் தின்னருக்கும் அசையாமல் கண்ணாடி மாதிரி கெட்டியாக நின்றால் அநேகமாக இரண்டு குழாயைக் கலந்து போடும் எபாக்சி.

என் அறையில் மூன்றுமே இருந்தன. பெரும்பகுதி ரப்பர் பசை. வாசலருகே விரிப்பு எழும்பியபோது அப்பா தன் கையாலேயே வெள்ளைப் பசை வைத்து அழுத்தியிருக்கிறார். கதவுத் தடுப்பானை ஒட்டிய இடத்தில் ஒரு ரூபாய் அளவுக்கு எபாக்சி. இவை போதாதென்று சுவரோரம் இரட்டைப் பக்க டேப்பின் கறை. இது எதுவும் தெரியாமல் நான் பட்டி பிளேடை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

நாலு அங்குல பட்டி பிளேடு, பெயிண்டர்கள் சுவருக்குப் பட்டி இழுக்க வைத்திருப்பது, 70 ரூபாய். ஒரு மணி நேரம் வெறுமனே சுரண்டியதில் இரண்டு சதுர அடி. அதுவும் முழுசாக இல்லை; கோடுகளின் மேடு மட்டும் போய், பள்ளத்தில் இருந்தது அப்படியே. கை சலித்துப் பிளேடை நட்டுக்குத்தாகப் பிடித்து அழுத்தினேன். மார்பிள் சில்லில் நாலு கீறல் விழுந்தது. மார்பிள் பார்க்கத்தான் கல், இரும்புக்கு முன்னால் அது மென்மையான சாமான். பிளேடைத் தரையோடு சாய்த்து, தோசையைத் திருப்பும் கரண்டி மாதிரி தள்ள வேண்டும். பிளேடின் இரண்டு முனைகளையும் உப்புத்தாளில் தேய்த்து மழுங்க வைத்துக்கொண்டால் கீறல் இன்னும் குறையும். நான் அதைச் செய்தது இரண்டாவது பிளேடு வாங்கிய பிறகு.

அடுத்தது வெந்நீர். இது பாதி வெற்றி. சோப்புத்தூள் கரைத்த வெந்நீரைப் பஞ்சுத்தாள் மேல் ஊற்றி, பழைய போர்வையைப் போட்டு அரைமணி நேரம் ஊறவைத்தால் தாள் முழுக்க வழித்துக்கொண்டு வந்தது. வாசலருகே இருந்த வெள்ளைப் பசையும் அதிலேயே போயிற்று. ரப்பர் பசை மட்டும் குளித்துச் சுத்தமாகி முன்பைவிடப் பளபளப்பாக என்னைப் பார்த்தது. ஆனாலும் இந்தப் படியைத் தாண்டக் கூடாது. தாள் மேலே இருந்தால் பின்னால் ஊற்றும் தின்னரையெல்லாம் அதுவே குடித்துவிடும்.

இப்போது அசட்டுத்தனத்துக்கு வருகிறேன். ஹார்டுவேர் கடையில் நின்றிருந்த பையன், “அண்ணே, ஆசிட் ஊத்துங்க, எதுவா இருந்தாலும் போயிரும்” என்றான். பாத்ரூம் கழுவும் ஆசிட் ஒரு பாட்டில் 40 ரூபாய். அறையின் நடுவில் அரை டம்ளர் ஊற்றினேன். பொசபொசவென்று நுரைத்தது. பசை கரைகிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம். கரைந்தது பசை இல்லை, தரை. மார்பிளும் சரி, அதைப் பிடித்து வைத்திருக்கும் சிமெண்டும் சரி, ஆசிட் பட்டால் நுரைத்துக் கரையும். ரப்பர் பசைக்கு அது மழைத்தண்ணீர் மாதிரி. பசைக்கோடுகளுக்கு இடையே தரை திறந்து கிடந்த இடமெல்லாம் வெளுத்து, சொரசொரவென்று பள்ளம் விழுந்தது. பசைக்கு அடியில் இருந்த மொசைக் மட்டும் பத்திரமாக இருந்தது. எதைக் காப்பாற்ற நினைத்தேனோ அதை அரித்து, எதை ஒழிக்க நினைத்தேனோ அதைக் காப்பாற்றினேன். நிறையத் தண்ணீர் விட்டு, ஆப்பச்சோடா கரைத்து ஊற்றி, மறுபடி அலசினேன். தாம்பாள அளவுக்கு ஒரு வடு. அதையும் மூலையில் ஊற்றிப் பார்க்காமல் நடு அறையில் ஊற்றினேன்.

அதற்கப்புறம் சூடு. தம்பியிடம் ஒரு ஹீட் கன் இருந்தது. பசை சட்டென்று இளகியது, ஆனால் சூயிங்கம் போல உருண்டு பிளேடில் அப்பிக்கொண்டது. கொஞ்சம் கூடுதலாகக் காட்டினால் மூக்கைக் குத்தும் புகை. இந்த ரப்பரில் குளோரின் உண்டு. கருகவிட்டால் வருவது ஆசிட் ஆவி. இரண்டாவது சதுரத்தில் ‘டிக்’ என்று ஒரு சில்லு பெயர்ந்து தெறித்ததும் நிறுத்திவிட்டேன். ஆனால் கதவருகே இருந்த எபாக்சிக் காசுக்கு ஹீட் கன்தான் சரியான மருந்தாக இருந்தது. ஒன்றரை நிமிஷம் விட்டு விட்டுச் சூடு காட்டி, கண்ணாடி துடைக்கும் பிளேடுச் சுரண்டியால் ஓரத்தைத் தூக்கினால் ஒரே வில்லையாக வந்தது. எபாக்சி சூட்டில் இளகும், ஆறினால் மறுபடி இறுகும். கைக்குக் கிடைப்பது சில விநாடிகள்தான்.

இடையில் பக்கத்து வீட்டு மாமா, கிரைண்டரில் உப்புத்தாள் சக்கரம் மாட்டித் தேய்த்துவிடலாம் என்றார். வேண்டாம் என்றேன். ரப்பர் சூடாகிச் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும் என்பது ஒன்று. இன்னொன்று, பழைய கட்டடம் என்றால் தேய்ப்பதற்கு முன்னால் யோசிக்க வேண்டும். அமெரிக்காவில் 1980க்கு முன்பு போட்ட ஒன்பது அங்குலச் சதுர வினைல் டைல்களிலும் அவற்றின் கறுப்புத் தார்ப் பசையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது உண்டு. என்னுடையது 2011இன் சாமான், அந்தப் பயம் இல்லை. ஆனால் எந்தக் காலத்துத் தரை என்று தெரியாத வீட்டில் உலர்ந்த தூள் பறக்கிற மாதிரி எதையும் நான் தேய்க்க மாட்டேன்.

கடையில் பெயிண்ட் ரிமூவரும் காட்டினார்கள். டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன், மெத்திலீன் குளோரைடு என்று இருந்தது. மூடிய அறையில் அதன் ஆவி ஆளையே கொன்றிருக்கிறது. அது கலந்த பெயிண்ட் ரிமூவரைப் பொதுமக்களுக்கு விற்பதை அமெரிக்கா 2019இல் நிறுத்தியது. டப்பாவை அலமாரியிலேயே வைத்துவிட்டுத் தின்னர் வாங்கினேன்.

தின்னர் ஒன்றும் சாதுவல்ல. முதல் நாள் அதை நான் கையாண்ட விதத்தை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. ஒரு லிட்டரைத் தரையில் அப்படியே ஊற்றி, மின்விசிறியை முழு வேகத்தில் வைத்து, குந்தி உட்கார்ந்து சுரண்டினேன். காற்றில் நாலு நிமிஷத்தில் தின்னர் பறந்துவிட்டது. மேற்பரப்பில் மட்டும் இளகிய பசை, துணியால் துடைக்கத் துடைக்கச் சுத்தமான இடத்துக்கும் பரவியது. மறுபடி ஊற்றினேன், மறுபடி பரவியது. கிட்டத்தட்ட இரண்டரை லிட்டர் இப்படி வீணாயிற்று. அதில் கொஞ்சத்தை ஊற்றி வைக்க எடுத்த தெர்மோகோல் கப் வேறு கண்ணெதிரே கரைந்து அடி விட்டது. சாயங்காலம் மண்டையைப் பிளக்கும் தலைவலி. தின்னர் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழும். தரையில் உட்கார்ந்து வேலை செய்கிறவனுக்கு அதுதான் மூச்சு.

அந்தத் தலைவலியோடு படுத்திருந்தபோது பூஜையறையில் அம்மா விளக்கேற்றப் போவது காதில் விழுந்தது. பூஜையறைக்கும் பின்னறைக்கும் நடுவே எட்டடி நடை, கதவு கிடையாது. பதறி எழுந்து ஓடினேன்.

“விளக்கேத்தாம இருக்கச் சொல்றியா?”

“இருக்க வேணாம்மா. வெளியில துளசி மாடத்துல ஏத்துங்க. அஞ்சு நாளைக்கு.”

“வீட்டையே பெயிண்ட் கடையா ஆக்கிட்டியேடா” என்று சொல்லிக்கொண்டே விளக்கை எடுத்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் முதல் ஒழுங்காகச் செய்தேன். காலை ஒன்பது முதல் மூன்று மணி வரைதான் தின்னர். சிலிண்டர் மூடி, சமையல் அதற்கு முன்பே முடித்து. அறையின் ஜன்னல் இரண்டும் திறந்து, என் முதுகுப் பக்கம் வாசலில் மேஜை விசிறி, காற்று என்னைத் தாண்டி ஜன்னல் வழியாக வெளியே போகும்படி. அதன் பிளக்கைத் திண்ணையில் செருகி, வேலை முடியும்வரை அறைக்குள் எந்தச் சுவிட்சையும் தொடுவதில்லை. 950 ரூபாய் கொடுத்து, ரசாயன ஆவியைப் பிடிக்கும் கேட்ரிட்ஜ் முகமூடி. மருத்துவமனையில் போடும் துணி முகமூடி இதற்கு உதவாது. கையுறை விஷயத்திலும் பாடம் படித்தேன். மெல்லிய வெள்ளை ரப்பர் கையுறை பத்து நிமிஷத்தில் ஊதி, சுருங்கி, விரல் நுனியில் கிழிந்தது. கனமான நைட்ரைல் கையுறை பரவாயில்லை, ஆனால் அதுவும் தின்னரில் நாளெல்லாம் தாங்காது. கொழகொழவென்று ஆனவுடன் மாற்றிவிடுவேன்.

வேலையை மாற்றியது முகமூடி இல்லை, ஒரு பாலிதீன் தாள்.

தின்னருக்கு வேலை செய்ய நேரம் வேண்டும், காற்று அந்த நேரத்தைத் தருவதில்லை. அப்படியென்றால் காற்றை மூட வேண்டும். திருப்பூர் பனியன் வேஸ்ட் இங்கே கிலோ 60 ரூபாய்க்குக் கிடைக்கிறது, ஒர்க்‌ஷாப்காரர்கள் கை துடைக்க வாங்குவது. அதை இரண்டடிக்கு இரண்டடி பரப்பினேன். எவர்சில்வர் டம்ளரில் 150 மில்லி தின்னரை அளந்து அதன் மேல் சீராகத் தெளித்தேன். மேலே கனமான பாலிதீன் தாள், ஓரங்களில் ஈர மணல் போட்ட பழைய பேண்ட் கால்கள் பாம்பு மாதிரி. அவ்வளவுதான்.

எவ்வளவு நேரம் என்பதில் மட்டும் மூன்று சதுரங்களை வீணடித்தேன். பத்து நிமிஷத்தில் திறந்தால் மேல்பகுதி இளகியிருக்கிறது, அடி இன்னும் கல். நாற்பது நிமிஷம் விட்டால் எல்லாம் கஞ்சியாகி, பிளேடு போகும் பக்கமெல்லாம் வழிந்து, சில்லுகளுக்கு இடையே இருக்கும் சிமெண்ட் துவாரங்களில் இறங்குகிறது. இருபத்தைந்து நிமிஷம்தான் சரி. அப்போது பசை ஆறிய ராகிக் களி பதத்தில் இருக்கும். பிளேடைச் சாய்த்துத் தள்ளினால் பாலாடை மாதிரி ஒரே மடிப்பாகச் சுருண்டு வரும். முதல் சுருள் அப்படி வந்தபோது நான் சத்தமாகச் சிரித்தேன், முகமூடிக்குள் அது வேறு ஏதோ சத்தமாகக் கேட்டு அம்மா எட்டிப் பார்த்தார்கள். இது எங்கள் ஊர்த் தை மாதத்து வெயிலுக்கு, என் பசைத் தடிமனுக்கு வந்த கணக்கு. சித்திரையில் இன்னும் குறையலாம். உங்கள் அறையில் ஒரு சதுரம் செய்து பார்த்தால் தெரிந்துவிடும்.

சுருண்டதைத் தகர டப்பாவில் வழித்த பிறகு ஒரு மினுமினுப்புப் படலம் மிச்சம் இருக்கும். அதைத் துணியால் துடைத்தால் மறுபடி பரவும். இதற்கு மரவாடியில் சும்மா அள்ளிவந்த மரத்தூள். ஒரு கைப்பிடி தூவி, 50 மில்லி தின்னர் தெளித்து, பழைய தேங்காய் நார்ப் பிரஷால் வட்டமாகத் தேய்த்தால் பசை தூளோடு ஒட்டிச் சின்னச் சின்ன உருண்டைகளாகிவிடும். பெருக்கி எடுத்தால் போதும். மரத்தூள் யோசனையைக் கொடுத்தது அதே மரவாடியில் இருந்த பெரியவர். அரை மணி நேரம் பேசினால் ஒரு வேலைக்கு உதவும் மனிதர்கள் மரவாடியில்தான் இருக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

ஒரு சதுரம் நாலு சதுர அடி என்றால் மொத்தம் 28 சதுரம். ஒன்றுக்கு 200 மில்லி, ஆக 5.6 லிட்டர். முதலில் வீணடித்த 2.4ஐச் சேர்த்தால் எட்டு லிட்டர். இரண்டு சதுரங்களை மாற்றி மாற்றிப் போட்டேன்: ஒன்று ஊறும்போது இன்னொன்றைச் சுரண்டுவது. நாளுக்கு ஆறு சதுரம், கடைசி நாள் நாலு, ஐந்தே நாள். வெறும் பிளேடில் மணிக்கு இரண்டு சதுர அடி என்று போயிருந்தால் கணக்கு 56 மணி நேரம் என்று வருகிறது, அப்போதும் பள்ளத்துப் பசை போயிருக்காது.

நனைந்த பனியன் வேஸ்டையும் பசை உருண்டைகளையும் என்ன செய்வது என்பதை முன்பே யோசித்திருக்க வேண்டும். முதல் நாள் ஒரு சாக்கில் திணித்து வீட்டுக்குள்ளேயே வைத்துவிட்டேன், அறையில் நாறியதைவிட அது அதிகமாக நாறியது. அப்புறம் மொட்டை மாடியில் விரித்துப் போட்டு, நெருப்பு எதுவும் பக்கத்தில் இல்லாமல், முழுக்க உலர்ந்த பிறகு தனிப் பையில் கட்டிக் குப்பை வண்டிக்காரரிடம் என்னவென்று சொல்லிக் கொடுத்தேன். மிச்சத் தின்னரைச் சாக்கடையில் ஊற்றவில்லை.

சில்லறை வேலைகள் சில. தரையில் பெவிக்விக் சொட்டு ஒன்று, குழந்தைகள் பொம்மை ஒட்டியபோது விழுந்தது. பஞ்சில் அசிட்டோன் நனைத்து அதன் மேல் பத்து நிமிஷம் வைத்தால் வெளுத்து இளகி நகத்துக்கே வந்துவிட்டது. டேப் கறைக்கு யாரோ சொன்னபடி தேங்காய் எண்ணெய் தடவினேன். கறை போய்விட்டது. அந்த இடத்தில் எண்ணெய்க் கறை வந்துவிட்டது. மொசைக் எண்ணெயைக் குடிக்கும் என்பது தோன்றவே இல்லை. முகப்பவுடரை அசிட்டோனில் குழைத்துப் பற்றுப் போட்டு, பாலிதீனால் மூடி, ஓர் இரவு விட்டுத் தட்டி எடுத்தேன். இரண்டு தடவை போட வேண்டியிருந்தது. மெருகேறிய டைல் என்றால் எண்ணெய் நல்ல யோசனைதான், துவாரம் உள்ள தரைக்கு இல்லை.

இத்தனைக்கும் பிறகு அறையைச் சோப்புத் தண்ணீரில் இரண்டு தரம் கழுவிக் காயவிட்டுப் பார்த்தால், சாய்வெயிலில் தகடு இழுத்த கோடுகள் மெல்லிய மஞ்சள் நிழலாகத் தெரிந்தன. கையால் தடவினால் ஒன்றுமில்லை, கண்ணுக்கு மட்டும் இருக்கிறது. சிமெண்டுக்குள் இறங்கியது. அதற்கும் ஆசிட் வடுவுக்கும் சேர்த்துத்தான் மொசைக் பாலீஷ்காரரைக் கூப்பிட்டேன். அறுபது வயசிருக்கும், இப்போது இந்த வேலைக்கு ஆளே இல்லை, ஊரில் எல்லோரும் டைலுக்குப் போய்விட்டார்கள். வந்ததும் குனிந்து தரையை மோந்து பார்த்தார்.

“பசையை நீங்களே எடுத்தீங்களா தம்பி?”

“ஆமாண்ணே. ஏன், அப்படியே மெஷின் ஓட்டியிருக்கலாமா?”

“ஓட்டியிருந்தா என் கல்லு போயிருக்கும். பசை கல்லுல ஏறி மூடிக்கும், அப்புறம் அது தரையில வழுக்கிட்டுப் போகும், அரைக்காது. ஒரு தடவை பட்டிருக்கேன்.” அப்புறம் நடு அறையைப் பார்த்தார். “இது யாரு ஆசிட் ஊத்துனது?”

நான் கடைப்பையன் மேல் பழியைப் போட்டேன்.

தண்ணீர் விட்டு, முதலில் 60ஆம் நம்பர் கல், அப்புறம் 120, அப்புறம் 220, கடைசியில் ஆக்ஸாலிக் பொடியைத் தூவி ஒரு சுற்று. “ஆசிட்தானே அதுவும்?” என்று கேட்டேன். “இது அளவு தெரிஞ்சு போடுறது” என்றார். மஞ்சள் நிழல் 60லேயே போய்விட்டது. வெளியே ஓடிய சேறு பழுப்பாக இருந்தது. ஆசிட் வடுவின் சொரசொரப்பும் போயிற்று, ஆனால் பள்ளம் போகவில்லை. அதைச் சமமாக்க அறை முழுவதையும் அரைக்க வேண்டும், அதற்குச் சில்லின் கனம் போதாது என்றார். சாய்ந்து பார்த்தால் அந்த இடத்தில் வெளிச்சம் லேசாக வளையும். அங்கே கட்டில் வந்துவிட்டது. பெயர்ந்த சில்லு இருந்த குழியில் வெள்ளை சிமெண்டோடு மார்பிள் துண்டு ஒன்றை வைத்து அவரே அடைத்தார், அதற்குத் தனியாக எதுவும் கேட்கவில்லை.

செலவு: தின்னர் எட்டு லிட்டர், லிட்டர் 150 வீதம் 1,200. பட்டி பிளேடு இரண்டு 140. கண்ணாடிச் சுரண்டியும் பத்து பிளேடும் 180. பனியன் வேஸ்ட் நாலு கிலோ 240. கையுறை 150, முகமூடி 950, பாலிதீன் 80, அசிட்டோன் 60, அந்த ஆசிட் 40. எல்லாம் சேர்த்து 3,040. பாலீஷ்காரருக்கு 3,500. மொத்தம் 6,540 ரூபாய். இதே அறைக்குப் பசையின் மேலேயே டைல் ஒட்டித்தருகிறேன் என்று ஒருவர் சதுர அடிக்கு 110 கேட்டிருந்தார், 13,200 வந்திருக்கும், தரை உயர்ந்து கதவின் அடியையும் அறுத்திருக்க வேண்டும். பசையின் மேல் ஒட்டிய டைல் எத்தனை நாள் நிற்கும் என்று நான் கேட்டதற்கு அவர் நேராகப் பதில் சொல்லவில்லை.

மறுபடி செய்வதாக இருந்தால் ஆசிட் பாட்டிலும் ஹீட் கன்னும் வீட்டுக்குள்ளேயே வராது, எபாக்சிக் காசுக்கு மட்டும் ஐந்து நிமிஷம் இரவல் வாங்குவேன். இரண்டடிச் சதுரத்துக்குப் பதில் ஓர் அடிக்கு நாலடிப் பட்டையாகப் போடுவேன்; பிளேடை ஒரே பக்கமாகத் தள்ளிக்கொண்டு போகலாம், சுத்தமான இடத்தில் முழங்கால் வைக்கலாம். முழங்காலுக்கு ஒரு மெத்தை கண்டிப்பாக வாங்குவேன். இதில் 200 ரூபாய் மிச்சம் பிடித்ததற்கு இன்னும் வலிக்கிறது.

காரைக்குடியிலிருந்து அத்தை போன் செய்தார்கள். அங்கே ஆத்தங்குடிக் கல் போட்ட கூடத்தில், விசேஷத்துக்குக் கார்பெட் விரித்தவர்கள் டேப் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள், வந்து எடுத்துக் கொடு என்றார்கள். அது சிமெண்ட் கல், சாயமும் சிமெண்டிலேயே கலந்தது, ஆசிட்டையோ பிளேடையோ யாரும் கொண்டுபோகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஈரத்துணி போட்டு, விரலால் உருட்டி எடுக்கப் பார்க்கலாம். அதற்கும் போகவில்லை என்றால் கதவுக்குப் பின்னால் மறைவாக ஒரு கல்லில் துளி அசிட்டோன். மாசிக்குள் போக வேண்டும்.

இங்கே பீரோவுக்கு அடியில் இரண்டடிக்கு நாலடி வினைல் இன்னும் இருக்கிறது. நகர்த்தப் பார்த்தோம். பீரோவின் கால் துருப்பிடித்து விரிப்போடு சேர்ந்துவிட்டிருக்கிறது, அசைத்தால் கால் கழன்று வரும் போலிருந்தது. பீரோவைச் சுற்றிக் கத்தியால் வெட்டி விட்டுவிட்டேன். பாலீஷ்காரரும் மெஷினை அதைச் சுற்றித்தான் ஓட்டினார். இரண்டு லிட்டர் தின்னர் வாங்கி மூடி இறுக்கி மாடிப்படிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.